போர்வை கேட்டவர்

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து இரவொன்று. பகல் முழுதும் வெயிலில் காய்ந்த மொட்டைமாடி, விளக்கணைத்த பிறகும் அறைக்குள் அனலை இறக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அனைவரும் அந்த ஓர் அறையில்தான் படுப்பது வழக்கம். அங்கிருந்ததும் ஒரே மின்விசிறி. என் மனைவி அதை முழு வேகத்தில் சுழலவிட்டு, ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படுத்தாள். சற்று நேரத்தில் கட்டிலிலிருந்து என் தந்தையின் குரல் கேட்டது: “குளிருதுப்பா. அந்தப் போர்வையை எடுத்துத் தர்றியா?”

நான் சிரித்துவிட்டேன். “பங்குனி வெக்கையில யாருக்காவது குளிருமாப்பா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து போர்வையை எடுத்துக் கொடுத்தேன். மகனும் சேர்ந்து சிரித்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையை வாங்கி மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரின் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதற்குப் பிறகு அவர் போர்வை கேட்கவே இல்லை. கேட்காததால் குளிரவில்லை என்று நான் பொருள் கொண்டேன். நான்கைந்து மாதங்கள் சென்றபின், முகம் உப்பி, பேச்சு மந்தமாகி, எந்நேரமும் உறங்கிக்கொண்டே இருக்கிறாரே என்று மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்துபோயிருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டியது. “நெடுநாளாகவே குளிர் தாங்க முடியவில்லை என்று சொல்லியிருப்பாரே?” என்று மருத்துவர் என்னைக் கேட்டார். சொல்லியிருந்தார். ஒரே ஒரு முறை.

இச்சிறு நிகழ்ச்சியை இங்கே எழுதுவதற்குக் காரணம் என் மனத்தின் உறுத்தல் மட்டுமன்று. அதற்குள் மிகப் பழைய கேள்வியொன்று ஒளிந்திருக்கிறது. சூடும் குளிரும் எங்கே இருக்கின்றன? வெளியிலுள்ள காற்றிலா, நம் உடலிலா? காற்றில்தான் இருக்கின்றன என்றால், ஒரே அறையில் படுத்திருந்த நாங்கள் எல்லாரும் ஒன்றையே உணர்ந்திருக்க வேண்டும். உடலில்தான் இருக்கின்றன என்றால், என் உடலைக் கொண்டு என் தந்தையின் குளிருக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை தந்தவர் யார்?

மூன்று பாத்திரங்கள்

மூன்று பாத்திரங்களை வரிசையாக வைப்போம். ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். மற்றொன்றில் பனிக்கட்டி இட்ட நீர். நடுவிலுள்ளதில் குடத்து நீர். வலக்கையை வெந்நீரிலும் இடக்கையைப் பனிநீரிலும் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் நடுப் பாத்திரத்தில் இடுங்கள். வலக்கை அந்நீரைக் குளிர் என்னும்; இடக்கை அதையே சூடு என்னும். நீர் ஒன்று. இரு கைகளும் ஒரே மனிதருடையவை. தீர்ப்புகளோ ஒன்றுக்கொன்று எதிர்.

ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தமது பெருநூலில், ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் தோன்றும் இவ்விந்தையை எடுத்துக் காட்டினார். நாம் உணர்கிற சூடு, உணரும் வடிவிலேயே பொருளுக்குள் குடியிருப்பதில்லை என்பது அவர் கண்ட முடிவு. பின்னாளில் ஆயரான ஜார்ஜ் பெர்க்லி, 1713இல் எழுதிய உரையாடல் நூலில் இதே எடுத்துக்காட்டைக் கையாண்டு இன்னும் ஒரு படி மேலே சென்றார்.

மெய்யியலார் இவ்வாறு வாதிட்டுக்கொண்டிருக்க, கருவி செய்வோர் வேறு வழியில் சென்றனர். 1714இல் ஃபாரன்ஹைட் பாதரச வெப்பமானியை உருவாக்கினார். 1868இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷ், பல்லாயிரம் நோயாளிகளிடம் எடுத்த அளவுகளைத் தொகுத்து, நலமுள்ள உடலின் சராசரி வெப்பம் 37 டிகிரி என்று வெளியிட்டார். அன்று முதல் நம் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது: இனி யாருடைய சொல்லையும் கேட்க வேண்டியதில்லை, கருவியைப் பார்த்தால் போதும்.

வெப்பமானியைக் குறை கூறுவதற்கில்லை. அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆயினும் அது விடை சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று. ‘வெப்பம் எவ்வளவு?’ என்று கேட்டால் அது பிழையின்றிச் சொல்லும். ‘உனக்கு எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. அதற்கு விடை தரக்கூடியவர் உலகில் ஒருவர் மட்டுமே, அவ்வுடலில் வாழ்பவர்.

தோல் கணக்கிடுவது எதை?

அதிகாலையில் எழுந்து வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று பாருங்கள், சில்லிடும். ஓரடி தள்ளி விரித்திருக்கும் கோரைப்பாயில் கால் வையுங்கள், இதமாக இருக்கும். தரையும் பாயும் இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்தவை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. வேறுபாடு எங்கிருந்து வந்தது? தரை நம் காலின் வெப்பத்தை விரைந்து வாங்கிக்கொள்கிறது. பாய் மெல்ல வாங்கிக்கொள்கிறது. தோல் அறிவது பொருளின் வெப்பநிலையை அன்று. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகத்தில் போகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதையே அது அறிகிறது. 27 டிகிரிக் காற்றில் நாம் சுகமாக அமர்ந்திருக்கிறோம். 27 டிகிரி நீரில் அமர்ந்தால் சற்று நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கும். காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது.

சும்மா அமர்ந்திருக்கும் மனித உடலும் ஏறத்தாழ ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. மண் சுமக்கும்போதும் ஏர் பிடிக்கும்போதும் அது பன்மடங்காகிறது. உண்ட உணவு உள்ளே எரிவதால் வருவது இவ்வெப்பம். அது வெளியேறியாக வேண்டும். அதேவேளை, மிகுதியாகவும் போய்விடக்கூடாது. இந்த வரவு செலவு நேராக இருக்கும் வரை நமக்குச் சூடும் தெரிவதில்லை, குளிரும் தெரிவதில்லை. கணக்கு இடிக்கும்போதுதான் உடல் வாய் திறக்கிறது.

அது எவ்வாறு வாய் திறக்கிறது என்பதை அண்மைக் கால அறிவியல் கண்டு வியந்திருக்கிறது. தோலில் பரவியுள்ள நரம்பு நுனிகளில், குறித்த வெப்பநிலைகளில் மட்டும் திறக்கும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று 43 டிகிரியைத் தாண்டும்போது திறந்து, ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அமெரிக்க அறிவியலார் டேவிட் ஜூலியஸ் 1997இல் அதை அடையாளம் கண்டது எதைக் கொண்டு தெரியுமா? மிளகாயின் காரப் பொருளைக் கொண்டு! சூட்டுக்குத் திறக்கும் அதே வாயிலை மிளகாயும் திறக்கிறது. மிளகாய் பட்ட நாக்கை ‘எரிகிறது’ என்று நம் பாட்டிமார் சொன்னது உவமையே அன்று. நரம்பு மூளைக்குச் சொல்வதும் அதுவே. அவ்வாறே புதினாவின் குளிர்ச்சியும் உண்மைக் குளிரும் ஒரே வாயிலில் நுழைகின்றன. 2002இல் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? உணர்வு, வெளியுலகைப் படியெடுக்கும் நிழற்படக் கருவி அன்று. அது வீட்டு வாயிலில் நிற்கும் காவலன். தெருவில் நடப்பதையெல்லாம் எழுதி வைப்பது அவன் வேலை இல்லை. வீட்டுக்கு எது கேடு என்று கூவிச் சொல்வதே அவன் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் காவலன் வேறு. என் வீட்டுக் காவலன் உறங்குகிறான் என்பதற்காக அடுத்த வீட்டில் கள்ளன் இல்லை என்று சொல்லலாமா?

காய்ச்சல் கற்பிக்கும் பாடம்

நம் எல்லார் வீட்டிலும் நிகழும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறது. நெற்றி நெருப்பாய்ச் சுடுகிறது. வெப்பமானி 39 காட்டுகிறது. குழந்தையோ பற்கள் கிட்டிக்க, “குளிருதும்மா” என்கிறது. யார் சொல்வது மெய்? கருவியா, குழந்தையா?

இருவர் சொல்வதும் மெய். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. உடல் எவ்வளவு வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று குறித்துக் காப்பது அதன் பொறுப்பு. நோய்க்கிருமி உள்ளே புகுந்ததும் உடலில் சில வேதிப்பொருள்கள் சுரந்து, அந்தக் குறியை 37இலிருந்து மேலே ஏற்றிவிடுகின்றன. குறி 40இல் நிற்க, உடல் இன்னும் 39இல் இருந்தால், மூளையின் கணக்கில் அவ்வுடல் ‘குளிர்ந்து’ கிடக்கிறது. எனவே அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தசைகளை நடுங்கச் செய்து வெப்பத்தைப் பெருக்குகிறது. பிறகு காய்ச்சல் இறங்குகையில் குறி கீழே வருகிறது, உடல் ‘சூடாகி’விடுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளுகிறோம்.

ஆக, குளிர் என்பது ‘இருக்கும் நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் இடையிலுள்ள தொலைவு’ ஆகும். அத்தொலைவை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து அறிய முடியாது. காய்ச்சலில் நடுங்கும் குழந்தையை அடுக்கடுக்காகப் போர்த்தி மூடுவது நல்லதன்று என்று மருத்துவர்கள் எச்சரிப்பது உண்மையே. ஆயினும் எந்தத் தாயும், ‘நெற்றி சுடுகிறதே, உனக்கு எப்படிக் குளிரும்? பொய் சொல்லாதே’ என்று குழந்தையை அதட்டுவதில்லை. அவள் அதன் சொல்லை நம்புகிறாள். அதே வேளையில் கருவியையும் பார்க்கிறாள். அறிவும் அன்பும் ஒருவரிடத்தில் ஒருங்கே செயல்படுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஒரே அறை, பல பருவங்கள்

இப்பொழுது என் வீட்டு அறைக்கே திரும்புவோம். ஐம்பதை எட்டிய என் மனைவிக்கு, பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவம். அப்பருவத்தில் சுரப்பு நீர் குறைவதால், உடல் வெப்பம் இம்மியளவு உயர்ந்தாலும் மூளை அதைப் பெரும் சூடாக எண்ணிவிடுகிறது. முகம் சிவந்து, கழுத்து வியர்த்து, உள்ளிருந்து அனல் எழும்புகிறது. தந்தைக்கோ உள்ளே எரியும் அடுப்பைத் தூண்டிவிடும் தைராய்டு சுரப்பே வற்றிக் கிடந்தது. அடுப்பு தணிந்தவருக்குப் பங்குனியிலும் மார்கழி. ஒரே கூரையின் கீழ் ஒருத்திக்கு அக்கினி நட்சத்திரம், ஒருவருக்குப் பனிக்காலம். இருவரும் மெய்யையே உணர்ந்தனர். பொய் கலந்தது ஒன்றே ஒன்றுதான்: எனக்குத் தோன்றுவதே எல்லாருக்கும் இயல்பு என்ற என் எண்ணம்.

இப்பிழையைத் தனி மனிதர் மட்டுமல்லர், அறிந்தோரும் செய்திருக்கின்றனர். அலுவலகங்களில் குளிர்சாதனத்தை எந்த அளவில் வைக்கலாம் என்று வகுத்த கணக்குகளுள், டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபேங்கர் 1970இல் வெளியிட்டது பெயர் பெற்றது. அக்கணக்கில் உடல் எவ்வளவு வெப்பம் உண்டாக்கும் என்பதற்கு அடிப்படையாக வழங்கிவந்தது 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல். 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர், பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை இவ்வளவுகோல் 35 விழுக்காடு வரை கூட்டிக் காட்டக்கூடும் என்று எழுதினர். சால்வையைப் போர்த்திக்கொண்டு வேலை பார்க்கும் பெண்களைக் கண்டு எத்தனை அலுவலகங்கள் நகைத்திருக்கும்! அவர்கள் உடலில் குறையில்லை. அவர்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சுகத்தின் மறதி

நம் உடலின் மற்றொரு குணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இதமான வெப்பநிலைக்குத் தோல் மிக விரைவில் பழகிப்போகிறது. பழகியபின் அதைப் பற்றி அது பேசுவதே இல்லை. குளிரூட்டிய அறைக்குள் நுழையும் கணத்தில் ‘அப்பாடா’ என்கிறோம். பத்து நிமிடம் சென்றால் அச்சுகம் நினைவில் இல்லை. அது உலகின் இயல்பாகிவிடுகிறது.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் மிஷேல் கபனாக் 1971இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். ஒரே குளிர்ச்சி, வெந்த உடலுக்கு இன்பமாகவும் நடுங்கும் உடலுக்குத் துன்பமாகவும் இருக்கிறது. இன்பம் பொருளில் இல்லை; உடலின் தேவையில் இருக்கிறது. தேவை தீர்ந்ததும் இன்பமும் மறைகிறது. ஆதலால் நிறைவாய் இருப்பவருக்கு மற்றவரின் தேவை புரிவது இயல்பாகவே கடினம். அவர் கொடியவர் என்பதால் அன்று. அவருடைய உடல் அவரிடம் ஒன்றும் சொல்லாததால். ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று அவர் சொல்வது பொய்யன்று. அதைப் பிறர்க்கெதிரான சான்றாக அவர் நீட்டும்போதுதான் அது அநீதியாகிறது.

சொல்ல இயலாதவர்கள்

பிறர் சொல்லை நம்புவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? இல்லை. தமக்கு நேர்வதைத் தாமே உணரவியலாதவர்களும் உண்டு. முதுமையில் வியர்வை குறைகிறது, தாகம் மங்குகிறது, சூட்டை அறியும் கூர்மையும் மழுங்குகிறது. உடல் ஆபத்தில் இருக்க, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அம்முதியவர் நேர்மையாகவே சொல்லக்கூடும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1995ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிகழ்ந்ததை உலகம் இன்னும் பேசுகிறது. அம்மாதம் 13ஆம் நாள் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டனர். பெரும்பாலோர் முதியவர், ஏழைகள், தனித்து வாழ்ந்தவர்கள். திருடருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தவர்கள் பலர்.

எரிக் கிளைனன்பெர்க் என்னும் சமூகவியலாளர், அந்நகரில் ஒட்டியிருந்த இரு பகுதிகளை ஒப்பிட்டு 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். இரு பகுதிகளிலும் வறுமை உண்டு; தனித்து வாழும் முதியோரும் உண்டு; வெயிலும் ஒன்றே. ஆனால் ஒரு பகுதியில் இறப்பு வீதம் மற்றதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. அங்கே கடைகள் மூடிப்போய், வீடுகள் பாழடைந்து, தெருக்கள் வெறிச்சோடியிருந்தன. அடுத்த பகுதியிலோ கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கிழவர்கள் அச்சமின்றி வெளியே வந்தனர். தெரிந்தவர்கள் முகம் பார்த்தனர். இங்கே உயிர்காத்தவற்றுள் முதன்மையானது குளிர்சாதனம் அன்று, கதவைத் தட்டும் கையே என்று அந்நூலைப் படிப்பவர் உணர்வார்.

உணர்ந்தும் சொல்ல முடியாதவர்கள் மற்றொரு சாரார். இவர்களைக் காணச் சிகாகோ வரை செல்ல வேண்டியதில்லை. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை மிஞ்சிவிட்டால், உடல் வெப்பத்தைக் கழிக்க வியர்வை ஒன்றே வழி. அவ்வியர்வையும் சொட்டி விழுந்தால் பயனில்லை, ஆவியாக வேண்டும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்க, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் பயன்படுத்துவர். அது 35 டிகிரி காட்டினால் நலமுள்ள மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்று 2010இல் அறிவியலார் கணித்தனர். 2022இல் பென்சில்வேனியாவில் நலமுள்ள இளைஞர்களைக் கொண்டு செய்த சோதனைகளோ எல்லை அதற்கும் கீழே, ஏறத்தாழ 31 டிகிரியிலேயே இருப்பதைக் காட்டின.

நம் செங்கற்சூளைகளிலும் உப்பளங்களிலும் வேலை செய்வோர் நாள்தோறும் இவ்வெல்லையை நோக்கி நடக்கின்றனர். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் நிழலில் நிற்கும் நேரமெல்லாம் கூலி இழப்பு. ஒதுங்க இடமில்லாத வேலைத்தலங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களிடையே கருச்சிதைவு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அப்பெண்களுக்குச் சுடவில்லையா? சுட்டது. யாரிடம் சொல்வது என்பதே கேள்வி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லதோர் அடிவைப்பு. ஆயினும் பேரிடர் என்று ஏட்டில் எழுதப்பட்டது, மேற்பார்வையாளர் கண்ணில் படுவதற்கு நெடுந்தொலைவு இருக்கிறது.

ஓர் ஐயம்

இங்கே ஒருவர் கேட்கலாம்: ‘ஒவ்வொருவர் உணர்வும் அவரவர்க்கே தெரியும் என்றால், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிட வேண்டுமா? வேலைக்குச் சோம்பி வெயிலைச் சாக்குச் சொல்பவர் இல்லையா?’

இருக்கலாம். ஆனால் இருவகைப் பிழைகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். குளிராதவருக்குப் போர்வை கொடுத்துவிட்டால் நமக்கு நட்டம் ஒரு போர்வை. அதுவும் காலையில் மடித்து வைத்துவிடலாம். குளிர்ந்தவரைக் கேலி செய்துவிட்டால், அவர் அடுத்த முறை சொல்லமாட்டார். வாய்மூடிய பிறகு அவரிடமிருந்து நமக்கு எந்தச் சான்றும் கிடைக்காது. நம்பாமை ஒரு தவறான தீர்ப்பு மட்டுமன்று. அது சாட்சியையே அழித்துவிடுகிறது. ஆகவே, சொல்பவரை நம்புவதும், சொல்லாதவரைப் போய்ப் பார்ப்பதும் நம் கடமைகள். கருவி இவ்விரண்டுக்கும் துணை. இவற்றுக்கு மாற்று அன்று.

குளிர்காய்தலும் தண்ணளியும்

தமிழில் ‘குளிர்காய்தல்’ என்று ஓர் அழகிய சொல் உண்டு. தீயருகே அமர்ந்து குளிரைப் போக்கிக்கொள்வது அதன் நேர்பொருள். பிறர் துன்பத்தில் தன் சுகம் தேடுவது அதற்கு வந்து சேர்ந்த பொருள். தீ ஒன்றே; அருகில் இருப்பவருக்கு அது இதம், எரிகிற வீட்டுக்காரருக்கு அழிவு. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு நின்ற பேதுருவை யோவான் நற்செய்தி நம் கண்முன் நிறுத்துகிறது. உள்ளே ஆண்டவர் விசாரிக்கப்படுகிறார். வெளியே சீடர் கரிநெருப்பருகே நின்று, ‘நான் அல்ல’ என்கிறார். அச்சமே அவரை அப்படிப் பேச வைத்தது. ஆயினும் நெருப்பருகே நிற்கும்போது நம்மில் யாருக்கும் அந்தச் சொல் சற்று எளிதாகவே வருகிறது.

மற்றொரு சொல்லும் நம்மிடம் உண்டு. இரக்கத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘தண்ணளி’. தண்மையோடு கூடிய அளி; குளிர்ந்த அருள். மனம் குளிர்ந்தது என்று வாழ்த்துகிறோம். வயிறு எரிகிறது என்று சபிக்கிறோம். வெயில் சுடும் நாட்டில் வாழ்ந்தவர்கள் தம் உடலறிவைக் கொண்டே அன்புக்குப் பெயர் வைத்தனர். வெந்தவருக்குத் தண்மை தருவதே அன்பு என்று அவர்களுடைய தோல் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

ஆனால் அன்றிரவு என் தந்தைக்குத் தண்ணளியாக இருந்திருக்கக்கூடியது ஒரு போர்வை. வெந்தவருக்கு விசிறி எதுவோ, நடுங்குபவருக்குப் போர்வை அது. இரண்டில் எது வேண்டும் என்பதை என் தோல் எனக்குச் சொல்லாது. கேட்டால்தான் தெரியும்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் தந்தையின் முகவீக்கம் வடிந்தது. பேச்சும் தெளிந்தது. ஒரு நாள் இரவு, விளக்கணைக்கும் முன் அவரருகே சென்று, “அப்பா, குளிருதா? போர்வை வேணுமா?” என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “இப்ப வேண்டாம்ப்பா. கால்மாட்டிலயே வச்சுட்டுப் போ. வேணும்னா எடுத்துக்கிறேன்” என்றார். வைத்துவிட்டு வந்து படுத்தேன். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.